கிணற்றில் குடியிருந்த சக்கரவர்த்தி

தைலம்மாளுக்கு எண்பது சென்ட் நிலமும் அதில் பாதி இடிந்த ஒரு கிணறும் இருந்தன. சர்க்கார் ஒதுக்கிக் கொடுத்த நிலம். செஞ்சியில் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, ராஜகிரி மலையின் நிழல் சாயங்காலத்தில் வந்து விழுகிற பக்கம். அவள் குடும்பத்தில் அதற்கு முன் நிலம் என்று யாருக்கும் இருந்ததில்லை. அடுத்தவர் கழனியில் குனிந்து நிமிர்ந்தே தலைமுறைகள் போயிருந்தன. அதனால் பட்டாக் காகிதத்தை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, டின்னை அரிசிப் பானைக்குள் புதைத்து, பானையின்மேல் அம்மிக் குழவியை ஏற்றி வைத்திருந்தாள்.

அந்தப் பட்டாவில் பதினோரு நிபந்தனைகள் அச்சாகியிருந்தன. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அவற்றில் ஒன்றை மீறினாலும் நிலத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள் என்று தெரியும். எதை மீறக் கூடாது என்று தெரியாததால் எதையுமே மீறாமல் நாலு வருஷமாக வாழ்ந்துகொண்டிருந்தாள். சாலையில் போனால் ஓரமாகப் போவாள். ரேஷனில் ஒரு பிடி கூடுதலாக விழுந்தால் எடுத்துத் திருப்பிப் போடுவாள். பாவாடை என்கிற அவள் புருஷன் பம்பாய்க்கு வேலைக்கென்று போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. கூடப்பிறந்த தம்பி கன்னியப்பனும் அவன் பெண்சாதி மங்கையும்தான் பக்கத்துக் குடிசையில் துணை.

அறுபத்து நாலாம் வருஷம் மாசி மாதம், வயலில் மல்லாட்டைக் கடலை பூவெடுக்கிற சமயத்தில், கிணற்றில் தண்ணீர் மட்டம் இறங்கிவிட்டது. கன்னியப்பன் உள்ளே இறங்கித் தூர் எடுத்தான். மூன்றாம் நாள் கீழேயிருந்து குரல் கொடுத்தான்.

"அக்கா, ஏதோ கலயம் மாதிரி இருக்குது."

"ஒடையாம எடுடா."

உடைந்துதான் வந்தது. உள்ளே சுண்டுவிரல் நகத்தளவில் பச்சைக் களிம்பு பிடித்த இருபத்தாறு காசுகள். மங்கை ஒன்றை எடுத்துப் புடவையில் தேய்த்தாள். ஒரு முகம் தெரிந்தது.

"யாரோ ஆம்பள. பக்கவாட்டுல பாத்துக்கினு இருக்கறான். மூக்கப் பாரு அண்ணி, கலப்பையாட்டம்!" என்றாள். "பாத்திரக்காரன்கிட்ட போட்டா ஒரு கரண்டியாவது தேறும்."

"கரண்டி தேறும், நெலம் போயிடும்," என்றாள் தைலம்மாள். "பதினோரு நிபந்தனையில இது எத்தினியாவதோ, யாருக்குத் தெரியும்?"

காசுகளை முந்தானையில் முடிந்துகொண்டு புறப்பட்டாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓட்டுக் கட்டடம் ஒன்றில் புதையல் பிரிவு என்று ஒரு ஆபீஸ் இருந்தது. மேலிடத்தில் யாருக்கோ தோன்றித் தற்காலிகமாகத் திறந்தது. ஒரு மேஜை, ஒரு பியூன், ஒரு குமாஸ்தா. மூன்று வருஷமாகியும் அங்கே ஒரு புதையலும் வரவில்லை. முதல் புதையல் தைலம்மாளின் முந்தானை முடிச்சில்தான் வந்தது.

குமாஸ்தா சம்பவநாதன் மேல்சித்தாமூர்க்காரர், ஜைனர். ஐம்பது வயதிருக்கும். பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார் என்பதால் நாலு மணி பஸ்ஸைப் பிடித்தே ஆகவேண்டும். மூன்றே முக்காலுக்கு இங்க் புட்டியை மூடிவிடுவார். இன்னொரு வழக்கமும் உண்டு. கண்ணால் பார்க்காத எதையும் எழுத மாட்டார். மழை பெய்கிறது என்று எழுத வேண்டுமானால் வாசலுக்குப் போய்க் கையை நீட்டிப் பார்த்துவிட்டு வந்து எழுதுவார். அவரை மூன்று வருஷமாகச் சும்மா உட்கார வைத்திருந்தார்கள். காசுகளைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"உட்காரம்மா. எல்லாத்தையும் எழுதணும். ஒவ்வொண்ணா, முன்பக்கம், பின்பக்கம்."

"மொத்தமா இருபத்தாறுன்னு எழுதிக்கங்க ஐயா. எனக்குக் கழனியில வேல இருக்குது."

"இருபத்தாறு ஒரே மாதிரி இருக்குன்னு நான் பார்த்தேனா?"

பூதக்கண்ணாடியை எடுத்தார். முன்பக்கம் சிக்கலில்லை. எல்லாவற்றிலும் ஒரே ஆள்போலத்தான் தெரிந்தது. சம்பவநாதன் எழுதினார்: 'ஓர் ஆண். வயது சுமார் நாற்பது. வலப்பக்கம் பார்க்கிறார். தலையில் இலை செருகிய பட்டை. மீசை இல்லை. மூக்கு நீளம்.' யாரென்று தெரியாதவரை மரியாதையைக் குறைக்கக் கூடாது என்று 'பார்க்கிறார்' போட்டார்.

பின்பக்கங்களில்தான் ஆறு நாள் போயிற்று. கண்டெடுத்தவர் என்ற முறையில் ஒவ்வொரு விவரத்துக்கும் தைலம்மாள் ரேகை வைக்க வேண்டும். சும்மா ரேகை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. பார்த்துவிட்டுத்தான் வைத்தாள். பார்த்ததனால் அபிப்பிராயமும் வந்தது.

நாலாவது காசில் ஒரு கட்டடம் இருந்தது.

"இது கோட்டைக்குள்ள இருக்கற நெல்லுக் களஞ்சியம் ஐயா."

"மேலே ரெண்டு கூம்பு இருக்கே? களஞ்சியத்துல கூம்பு ஏது?"

"இடிஞ்சி போயிருக்கும்."

அவர் எழுதினார்: 'கட்டடம். கல் அடுக்குத் தெரிகிறது. வாசல் ஒன்று. கதவு இல்லை. நெற்களஞ்சியம் என்று கண்டெடுத்தவர் கூறுகிறார். எனக்கு அவ்வாறு தெரியவில்லை.'

பன்னிரண்டாவதில் இறக்கை வைத்த பெண் ஒருத்தி கையில் வளையம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள்.

"றெக்கய வச்சிக்கினு ஏன் நடந்து போறா?" என்று தைலம்மாள் கேட்டாள்.

"அதைக் கேட்க எனக்கு அதிகாரம் இல்லையம்மா," என்றார் சம்பவநாதன், உண்மையான வருத்தத்தோடு.

பதினேழாவது காசுக்கு மட்டும் முக்கால் நாள். ஒரு மிருகம் நிற்கிறது. அடியில் இரண்டு குழந்தைகள் உட்கார்ந்து பால் குடிக்கின்றன. நாய் என்றாள் தைலம்மாள். நரி என்றான் பியூன். சம்பவநாதன் வெளியே போய், பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்த நாய்களை எழுப்பி நிற்கவைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார். 'நாய் போன்ற ஒன்று' என்று எழுதினார்.

"கொழந்தைங்க மனுசக் கொழந்தைங்கதானே?"

"ஆமாம். ரெண்டும்."

"அவங்க அம்மா எங்க?"

அவர் கண்ணாடியை அப்படியும் இப்படியும் திருப்பினார். "படத்துல இல்லை."

"களையெடுக்கப் போயிருப்பா," என்று சொல்லி ரேகையை வைத்தாள்.

'தாயார் படத்தில் இல்லை' என்பது மட்டும் பட்டியலில் ஏறியது.

ஏழாம் நாள் பியூன் வந்து கிணற்றைச் சுற்றி நாலு குச்சி நட்டு, கயிறு கட்டி, முடிச்சில் அரக்கு உருக்கி முத்திரை வைத்தான். புதையல் கிடைத்த இடத்தைக் கலைக்கக் கூடாது.

"தண்ணி எறைக்கலாமில்ல?" என்று கேட்டாள்.

"தண்ணியும் அந்த எடத்துல சேந்ததுதான்னு ஐயா சொல்லிட்டாரு. பொதையல் மேல நின்ன தண்ணியாச்சே."

தூர் எடுத்த கிணறு. ஊற்று திறந்துவிட்டது. யாரும் இறைக்காததால் தண்ணீர் நாளுக்கு நாள் ஏறியது. இரண்டே வாரத்தில் கையை நீட்டினால் தொடலாம் என்கிற அளவுக்கு வந்து, கயிற்றுக்குள்ளே தளதளவென்று நின்றது. கயிற்றுக்கு வெளியே மல்லாட்டை வாடியது. பூ முடிந்து விழுது இறங்குகிற பருவம். மண் ஈரமாக இருந்தால்தான் விழுது உள்ளே போகும், காய் பிடிக்கும். தைலம்மாளும் மங்கையும் ஏரியிலிருந்து குடத்தில் சுமந்து ஓரத்து நாலு வரிசைக்கு ஊற்றினார்கள். மற்றச் செடிகளின் விழுதுகள் மண்ணைத் தொட்டு, நுழைய முடியாமல், நுனி கறுத்து நின்றன.

"நம்ம கெணறு, நம்ம தண்ணி. கயித்தத் தூக்கிட்டு எறைச்சா யாரு பாக்கப் போறாங்க?" என்றாள் மங்கை.

"நெலத்தப் புடுங்கிக்குவாங்கடி."

"இப்ப மட்டும் நெலம் இருந்து இன்னா கிழிச்சிது?"

தைலம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு ஏரிக்கு நடந்தாள். அந்தக் கேள்வி அவளுக்கும் இருந்தது.

பங்குனி முதல் வாரம், சென்னைக்கு அனுப்பியிருந்த காசுகள் ஒரு நிபுணரின் கடிதத்தோடு திரும்பி வந்தன. சம்பவநாதன் படித்துக் காட்டினார். காசுகள் வெண்கலம். ரோமாபுரிச் சக்கரவர்த்தி ஒருவருடையவை. ஆயிரத்து அறுநூறு வருஷம் இருக்கும். எழுத்து தேய்ந்திருப்பதால் எந்தச் சக்கரவர்த்தி என்று சொல்வதற்கில்லை. பெரிய விலை போகாது. பதினேழாவது, ஓநாய்.

"அவ்வளவுதானே ஐயா? கயித்த அவுத்துடலாமா?"

சம்பவநாதன் இன்னொரு காகிதத்தை எடுத்தார். முகம் வாடியிருந்தது. அது மேலிடத்து உத்தரவு. இதுநாள்வரை உடைமைக்காரர் தெரியாத புதையல். இப்போது உடைமைக்காரர் தெரிந்துவிட்டார். அவருடைய படமே பொருளின்மேல் இருக்கிறது. ஆகவே அவருக்கு அறிவிப்புக் கொடுத்து, பதினைந்து நாள் அவகாசம் தந்து, நேரில் விசாரித்தபின்தான் மேல் நடவடிக்கை.

"ராஜாவயா?"

"ராஜாவா இருந்தா என்னம்மா, உடைமைக்காரர் உடைமைக்காரர்தானே."

அறிவிப்பு கிணற்றுக் குச்சியில் ஒட்டப்பட்டது. வெள்ளாடு ஒன்று தின்றுவிட, மறுபடி ஒட்டப்பட்டது. கடைத்தெருவில் தண்டோரா போட்டார்கள். 'ரோமாபுரிச் சக்கரவர்த்தியோ, அவருடைய வாரிசுகளோ, அதிகாரம் பெற்ற ஏஜெண்டோ, தக்க ஆதாரங்களுடன் செஞ்சி புதையல் பிரிவுக்கு நேரில் வரவேண்டியது... டும் டும்!' அடுப்பில் குழம்பை விட்டுவிட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்து கேட்டார்கள். வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் தண்டோரா போட்டபிறகு வரவே மாட்டார் என்று சொல்லவும் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. அந்தப் பதினைந்து நாளும் திண்டிவனம் பஸ் வந்து நின்றால் நாலு பேராவது மூக்குகளை நோட்டம் விட்டார்கள்.

பதினைந்தாம் நாள் பியூன் ஆபீஸ் வாசலில் நின்று மூன்று தடவை கூப்பிட்டான்.

"ரோமாபுரிச் சக்கரவர்த்தி! ரோமாபுரிச் சக்கரவர்த்தி! ரோமாபுரிச் சக்கரவர்த்தி!"

தைலம்மாள் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. நல்ல மனுஷனாக இருந்தால் உன் கிணறு உனக்கு என்று சொல்லிவிட்டுப் போவார். ஒரு வைக்கோல் வண்டிதான் போயிற்று.

'ஆஜராகவில்லை' என்று எழுதினார் சம்பவநாதன். "இன்னும் முப்பது நாள் தள்ளி வைக்கணும். விதி."

"முப்பது நாளா? மூணு நாளுக்குமேல என் பயிரு தாங்காது ஐயா! செத்துட்டாருன்னு எழுதிடுங்களேன்."

"நான் பிணத்தைப் பார்த்தேனா?" சம்பவநாதன் கெஞ்சுகிற குரலில் கேட்டார். "எனக்கும் தெரியும்மா. ஆயிரத்து அறுநூறு வருஷம் யார் இருப்பா? ஆனா தெரியறது வேற, பார்க்கறது வேற. பொய் எழுதச் சொல்லாதே. அது மட்டும் என்னால ஆகாது."

மனுஷர் அவளைவிட அதிகமாக வேதனைப்படுவதைப் பார்த்து அவளுக்குக் கோபம் வரவில்லை. படியில் உட்கார்ந்து சொன்னாள்:

"என் ஊட்டுக்காரரயும் யாரும் பாக்கல ஐயா."

"என்ன?"

"போறதுக்கு முன்ன மனு போட்டது அவருன்னு நெலம் மொதல்ல அவரு பேருலதான் வந்துச்சி. என் பேருக்கு மாத்தணும்னா அவரு இல்லன்னு காயிதம் வேணும்னாங்க. செத்தாரா இருக்கறாரா, எனக்கு இன்னா தெரியும்? அப்ப மணியக்காரர் எழுதினாரு. 'ஏழு வருசமா இவர யாரும் பாக்கல, சேதியும் வரல, இருந்தா யாருக்குச் சேதி வரணுமோ அவளுக்கே வரல.' அவ்வளவுதான். செத்துட்டாருன்னு ஒருத்தரும் எழுதல. அதுக்கப்பறம் சட்டமே செத்ததா எடுத்துக்கிச்சி."

சம்பவநாதன் பேனாவை மூடினார். பிறகு திறந்தார். பிறகு எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினார்.

"அதுல ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லையே!" என்றார்.

மறுநாள் மத்தியானம் மணியக்காரர் ராமகிருஷ்ணன் வீட்டு வேப்பமரத்தடியில் விசாரணை. ஐந்து சாட்சிகள் வேண்டும். இருபத்தாறு காசுகளையும் ஒரு பித்தளைத் தட்டில் பரப்பி வைத்திருந்தார்கள். மணியக்காரர் ஊரில் பிறப்பு இறப்பு எழுதுகிறவர், எதையும் சீக்கிரம் முடிக்கிற சுபாவம். ஆனால் முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

"காணாமல்போனவருக்கும் மனுதாரருக்கும் என்ன உறவு? அவர் உயிரோட இருந்தா உனக்குச் சேதி வரணுமே, அந்த மாதிரி உறவு. பாவாடைக்குப் புருஷன்னு போட்டேன். இவருக்கு என்ன போட?"

கூட்டம் யோசித்தது. "பெரியப்பான்னு போடுங்க, மூக்கு எங்க மாமனாரு மூக்காட்டந்தான் இருக்குது," என்றாள் மங்கை. சிரித்தார்கள். சம்பவநாதன் சிரிக்கவில்லை. பேனா அந்தரத்தில் நின்றது.

தைலம்மாள் சொன்னாள்: "என் கெணத்துல குடியிருந்தவரு."

மணியக்காரர் சம்பவநாதனைப் பார்த்தார். சம்பவநாதன் நிதானமாக யோசித்தார். கிணறு இவளுடையது. இவர் அதில் இருந்தார். இருந்த இடத்தை விட்டு எடுத்ததற்குச் சாட்சி உண்டு. 'குடியிருந்தவர்' என்று எழுதினார்.

முதல் மூன்று சாட்சிகள் தட்டைப் பார்த்து, ஏழு வருஷமாக இவரைக் கண்டதில்லை என்று சொல்லி ரேகை வைத்தார்கள். நாலாவது சாட்சி ஒரு மாட்டுத் தரகர். ஒரு காசை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனார். நெற்றி சுருங்கியது.

"இவர நான் பாத்திருக்கறேனே," என்றார்.

"இன்னாது?"

"போன வருசம் திண்டிவனம் சந்தையில. இதே மூக்கு. ஒரு கெடேரிக்கு வெல கேட்டாரு. படியல, போயிட்டாரு."

"யோவ், உனக்கு இன்னா பைத்தியமா?" மங்கை எழுந்துவிட்டாள். "ரோமாபுரியிலேர்ந்து வந்து உன் கெடேரிக்கு வெல கேட்டாரா?"

"நான் எங்கேர்ந்து வந்தாருன்னு கேக்கலம்மா. பாத்தேன். பாத்தத சொல்லச் சொன்னாங்க, சொல்றேன்."

சம்பவநாதன் அதை எழுதிவிட்டார். எழுதாமல் இருக்க அவரால் முடியாது. எழுதிய வரியை மறுபடி படித்தார். 'போன வருஷம் காணப்பட்டார்' என்றால் ஏழு வருஷக் கணக்கு புதிதாக ஆரம்பிக்கும். மணி மூன்றேகால். இன்னும் அரை மணியில் அவர் கிளம்பியாக வேண்டும். நாளை ஞாயிறு. திங்களுக்குள் மல்லாட்டை சருகாகிவிடும்.

தைலம்மாள் தரகர் எதிரில் போய் நின்றாள். சண்டைக்குப் போகவில்லை. ஆறு நாள் அந்தக் காசுகளை உற்று உற்றுப் பார்த்தவள் அவள்.

"அண்ணே, வெல பேசினாரே, அப்ப உன் மொகத்தப் பாத்தாரா?"

"பாக்காம எப்பிடிப் பேசுவாரு? நேருக்கு நேரா நின்னுதான் பேசினாரு."

"ரெண்டு கண்ணும் தெரிஞ்சிதா?"

"தெரியாம?"

"அப்ப அது இவரு இல்லண்ணே." தட்டைத் தூக்கிக் காட்டினாள். "இருபத்தாறுலயும் பாத்துக்க. இவரு ஒருத்தரயும் நேராப் பாத்தவரே இல்ல. எல்லாத்துலயும் வலப்பக்கம்தான். ஒத்தக் கண்ணுதான்."

தரகர் ஒவ்வொரு காசாக எடுத்துப் பார்த்தார். இருபத்தாறும் முடிய ரொம்ப நேரம் ஆயிற்று. சம்பவநாதன் மரத்தின் நிழல் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்," என்றார் தரகர் கடைசியில். "அந்த ஆளு நல்லாத் திரும்பித் திரும்பிப் பாத்தான். இது வேற ஆளு."

அவர் ரேகை வைத்தார். ஐந்தாவது சாட்சி தட்டைப் பார்க்காமலே வைக்கப் போனார். சம்பவநாதன் பார்த்துவிட்டு வைக்கச் சொன்னார். மூன்று நாற்பத்தெட்டுக்கு மணியக்காரர் முத்திரை குத்தினார். இங்க் காயுமுன் சம்பவநாதன் பஸ்ஸுக்கு ஓடினார். ஓடும்போதே பியூனிடம், கயிற்றை இன்றைக்கே அவிழ்க்கலாம், நான் பார்த்துவிட்டேன் என்று கத்திக்கொண்டு போனார்.

பாவாடைக்குக் காகிதம் எழுதிய அன்று கால் மணிகூட ஆகவில்லை. உறவு புருஷன், சாட்சி ஐந்து, முத்திரை, முடிந்தது. அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு வந்த பிறகும் தைலம்மாள் தாலியைக் கழற்றவில்லை. மங்கை கேட்டதற்கு, காயிதம் நெலத்துக்கு வாங்கினது, கழுத்துக்கு இல்ல என்று சொல்லிவிட்டாள். இந்த மனுஷருக்கு அரை நாள் பிடித்தது. எப்படியும் ராஜா இல்லையா என்று நினைத்துக்கொண்டு வயலுக்கு நடந்தாள்.

பியூன் அரக்கைச் சுரண்டிப் பையில் போட்டுக்கொண்டு கயிற்றை அவிழ்த்தான். கன்னியப்பன் ஏற்ற மரத்தில் ஏறினான். தைலம்மாள் கீழே நின்று, ஏறிவந்த சால் வாளியைப் பிடித்துச் சாய்த்தாள். ஒன்றரை மாதத் தண்ணீர். முதல் சால் வாய்க்காலில் விழுந்ததும் மண் அதைச் சத்தத்தோடு உறிஞ்சியது. பாதி வயல் தப்பாது என்று பார்த்தவுடனே அவளுக்குத் தெரிந்தது. மீதிப் பாதி தப்பும். மங்கை மண்வெட்டியோடு மடை திருப்ப முன்னால் போனாள்.

பத்துப் பதினைந்து சால் போயிருக்கும். வாய்க்கால் ஓரம் கொட்டிக் கிடந்த தூர் மண் தண்ணீரில் கரைந்து, அதிலிருந்து ஏதோ ஒன்று சேற்றில் விழுந்தது. சுண்டுவிரல் நகத்தளவு, பச்சையாக. தைலம்மாள் குனிந்து பார்த்தாள். கழுவாமலே மூக்கு தெரிந்தது. வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலே கன்னியப்பன் ஏற்றப் பாட்டை நிறுத்தினான். "இன்னாக்கா? ஏன் நின்னுட்ட?"

அவள் பியூன் போன திசையைப் பார்த்தாள். சாலையில் சைக்கிள் சின்னதாகத் தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கும். நாலு வருஷமாக அவள் எதையும் மீறியதில்லை.

கால் கட்டைவிரலால் காசை அழுத்தினாள். சேறு மூடிக்கொண்டது.

"ஒண்ணுமில்ல. ஓட்டாஞ்சில்லு," என்றாள். "மங்க, அடுத்த பாத்திக்குத் திருப்புடி. இது ரொம்பிப்போச்சி."